ஒட்டுக்கு ஒரு கை கோதுமை

கோட்டை, சேலம்
13.10.2024

அன்புத் தங்கை நாஸியாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நானும் மில்லும் ஓடிக்கொண்டிருக்கிறோம். நீயும் பிள்ளை அஃபீபாவும் மாப்பிள்ளையும் நலமா?

இந்தக் காலத்தில் யார் கடிதம் எழுதுகிறார்கள் என்று சிரிப்பாய். சிரி. உன் போன் வாஜித் மாப்பிள்ளையின் சட்டைப் பையில் இருக்கிறது. எப்போது கூப்பிட்டாலும் அவர்தான் எடுக்கிறார். "சொல்லுங்க, நான் சொல்லிடறேன்" என்கிறார். அக்கா தங்கச்சி பேசுவதை அவர் என்ன சொல்லிவிடுவது? அதனால்தான் இந்தக் காகிதம் டின்னில் மாவுக்கு அடியில் பிளாஸ்டிக் பையில் வருகிறது.

ஈரோட்டு டாக்டர் அவருக்குக் கோதுமையை நிறுத்திப் பார்க்கச் சொன்னார் என்றாய் அல்லவா? அதற்குத்தான் நம் மில்லில் அரைத்த கம்பு மாவு. திருச்செங்கோடு பஸ்ஸில் கண்டக்டரிடம் கொடுத்தனுப்பி இருக்கிறேன். பதிலைக் காலி டின்னில் வைத்து அவரிடமே கொடுத்துவிடு. பரோட்டா, சப்பாத்தி, பன் எதுவும் வேண்டாம். இதில் ரொட்டி தட்டிப் போடு.

அஃபீபா பிறந்தநாளில் உன் கன்னம் வீங்கியிருந்ததை நான் பார்த்தேன். நாலு பேர் நடுவில் கேட்க வேண்டாம் என்று விட்டேன். அவருக்கு வயிறு வலித்தால் கை நீளுகிறது என்று உன் மாமியார் என் காதில் சொன்னார். சரி, வயிறு அடங்கினால் கையும் அடங்கட்டும். பொறுமையாகச் சமைத்துப் போடு.

உன் நினைவாகவே இருக்கும்
ரபியா அக்கா


திருச்செங்கோடு
27.10.2024

அன்புள்ள அக்காவுக்கு,

வ அலைக்கும் ஸலாம். அல்லாஹ் புண்ணியத்தில் இங்கே எல்லோரும் சுகம். உன் முட்டிவலி எப்படி இருக்கிறது? மூட்டை தூக்காதே. மில்லில் வேலை செய்யும் அத்தாயி அக்காவைத் தூக்கச் சொல்.

உன் மாவு பிரமாதம். நான் கடையில் வாங்கின கம்பு மாவில் ரொட்டி தட்டினால் கல்லில் போடும்போதே துண்டு துண்டாக உடையும். இது உடையவே இல்லை, இலை மாதிரி வருகிறது. அவர் நாலு ரொட்டி சாப்பிட்டார். "இன்னைக்குத்தான் வயிறு லேசா இருக்குது" என்று அவர் வாயால் சொன்னார். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

உனக்கு முழுதாகச் சொன்னதில்லை. ராய்ப்பூரில் போர் போடும் ரிக் வண்டிகளுக்கு ஸ்பேர் விற்கப் போய்த் திரும்பியதிலிருந்துதான் இந்த வயிறு. சாப்பிட்டதும் உப்பிக்கொள்ளும், பிசையும், பாத்ரூமுக்கு ஓடுவார். ஒருவர் கேஸ் என்றார். ஒருவர் குழாய் விட்டுப் பார்த்தார். ஈரோட்டுக்காரர், சோதனையில் தெரியாமலேயே சிலருக்குக் கோதுமை ஒத்துக்கொள்ளாது என்றார். கோயம்புத்தூர் டாக்டர் எல்லாம் சுத்தமாக இருக்கிறது, மன உளைச்சலாலும் குடல் இப்படிச் செய்யும், மனநல டாக்டரைப் பாருங்கள் என்று பொறுமையாகச் சொன்னார். இவர் ஃபைலை அவர் மேஜையிலேயே வீசிவிட்டு வந்தார். "என்னையப் பைத்தியங்கறான்" என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தார். நான் பாத்ரூமில் வழுக்கி விழுந்தேன் என்று உனக்குச் சொன்னது அன்றைக்குத்தான்.

வயிறு வலித்தால் முதலில் என் கையை மோந்து பார்ப்பார். மைதா வாசம் வருகிறதா என்று. மற்றபடி குறை ஒன்றும் இல்லை. மாவு அவருக்கு என்பதால் பஸ் ஸ்டாண்டுக்குத் தனியாகப் போக விடுகிறார். வரும் வழியில் ஒரு கரும்புச் சாறு குடித்தேன். யாரிடமும் சொல்லாதே.

உன் துஆவை எதிர்பார்க்கும்
நாஸியா


கோட்டை, சேலம்
1.12.2024

நாஸியாவுக்கு,

ஸலாம். முட்டி தேவலை. நீ நலமா என்று கேட்கிறேன், உண்மையைச் சொல்.

கரும்புச் சாறு குடித்த கள்ளி! அடுத்த முறை ரெண்டாகக் குடி, காசு நான் தருகிறேன்.

இங்கே மில்லுக்கு வருகிறவர்கள் பாதிப்பேர் இப்போது "குளூட்டன் இல்லாத மாவு" கேட்கிறார்கள். கோதுமையில் உள்ள பசையாம் அது. எங்கள் தெரு ரிட்டயர்டு வாத்தியார் இதெல்லாம் போனில் பார்த்துப் பயந்து வருகிற வலி என்கிறார். சவ்வரிசி வியாபாரி சம்சாரம், "எம் வயிறு எனக்குத் தெரியாதுங்களா?" என்று அவரோடு சண்டைக்குப் போய்விட்டார். நான் எதற்கும் தலையாட்டிக்கொண்டு அரைத்துக் கொடுக்கிறேன். யார் ஜெயித்தாலும் மாவு விற்கும்.

அதிருக்கட்டும். வயிறு லேசாக இருக்கிறது என்று ஒரு பக்கத்துக்கு எழுதினாய். அவர் கை எப்படி இருக்கிறது என்று ஒரு வரி இல்லை. எனக்கு அதுதான் தெரிய வேண்டும்.

பதிலை எதிர்பார்த்து
அக்கா


திருச்செங்கோடு
29.12.2024

அன்புள்ள அக்காவுக்கு,

ஸலாம். எல்லோரும் சுகம். எழுத்துக் கோணலாக இருந்தால் மன்னித்துக்கொள். இது இடது கை.

அவருக்கு வயிறு நன்றாகத்தான் இருந்தது. ரெண்டு மாதமாக வலி என்ற பேச்சே இல்லை. நாமக்கல் பார்ட்டி ஒருவர் வாங்கின ரிக் வண்டி ஹேமர் எல்லாவற்றையும் மட்டம் என்று திருப்பிக் கொண்டுவந்து கடை வாசலில் போட்டுவிட்டுப் போனாராம். அன்றைக்கு வீட்டுக்கு வந்தவர் சாப்பிட உட்காரக்கூட இல்லை. "கையக் காட்டு" என்றார். அஃபீபாவின் ஸ்கூலில் யாருக்கோ பிறந்தநாள், கேக் கொடுத்திருக்கிறார்கள். அவள் யூனிஃபார்மில் இருந்த தூளைத் தட்டிவிட்டது என் கை. அந்த வாசம் இருந்திருக்கும்.

அடுப்பில் தோசைக்கல் காய்ந்துகொண்டிருந்தது. என் வலது கையை அதில் வைத்து அழுத்திப் பிடித்தார். மாமி கதவைச் சாத்திவிட்டு வெளியே போனார். அஃபீபா கத்தினாள். நான் கத்தவில்லை, பக்கத்து வீட்டில் கேட்கும்.

அவரே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனார். எண்ணெய் கொட்டிவிட்டது என்று சொன்னார், நானும் அதையே சொன்னேன். வழியில் எனக்கு இளநீர் வாங்கிக் கொடுத்தார். தப்பு என்னுடையதுதான் அக்கா. கேக்கை வீட்டுக்குள் விட்டிருக்கக் கூடாது.

நீ வராதே. மாவு மட்டும் அனுப்பு.

நாஸியா


கோட்டை, சேலம்
6.1.2025

நாஸியா,

ஸலாம். வராதே என்றாய். வந்தேன். உன் வீட்டுக்கு வரவில்லை, அவன் கடைக்குப் போனேன். அவன் உன்னிடம் ஒரு கதை சொல்லியிருப்பான். நடந்தது இதுதான்.

கையில் அரைக்கிலோ மிளகாய்த் தூள் இருந்தது. போட வேண்டும் என்று கொண்டுபோகவில்லை என்று சொன்னால் பொய். ஏன் செய்தாய் என்று நின்று கேட்டேன். சிரித்த முகமாக, "உங்க தங்கச்சி என்னைய மாவு கலந்தே கொன்னுபோடுவா, நீங்க அவளுக்குப் புத்தி சொல்லுங்க" என்றான். கல்லில் வைத்த கையைப் பற்றிக் கேட்கிறேன் என்றேன். மேஜையைச் சுற்றி வந்தவன் என் கழுத்தைப் பிடித்து இரும்பு ரேக்கில் சாத்தினான். ஹேமர் ஒன்று உருண்டு என் பாதத்தில் விழுந்தது. நான் பையைப் பிரித்து அவன் கண்ணில் அப்பினேன்.

கடைப் பையன்கள் அவனைக் குழாயடிக்கு இழுத்துக்கொண்டு ஓடினார்கள். மாடு மாதிரி அலறினான். உன் கை அந்தக் கல்லில் எப்படி எரிந்திருக்கும் என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. அவன் விரல்களை ஒவ்வொன்றாக மில்லுக்குள் விட்டு அரைத்தாலும் என் ஆத்திரம் அடங்காது.

ஸ்டேஷனில் இரண்டு பேரையும் உட்கார வைத்தார்கள். பெரியவர்கள் பேசி முடிக்கும்வரை நான் திருச்செங்கோட்டுக்குள் கால் வைக்க மாட்டேன் என்று எழுதி வாங்கிக்கொண்டு அனுப்பினார்கள். பாத விரல் ஒன்று உடைந்திருக்கிறது. கவலைப்படாதே, மற்றவை இருக்கின்றன.

நான் உனக்கு முதல் கடிதத்தில் என்ன எழுதினேன்? வயிறு அடங்கினால் கை அடங்கும் என்று. என் வாயில் அந்த மிளகாய்த் தூளைப் போட வேண்டும். கிளம்பி வா.

அக்கா


திருச்செங்கோடு
19.1.2025

மரியாதைக்குரிய ரபியா அக்கா அவர்களுக்கு வாஜித் எழுதுவது,

அஸ்ஸலாமு அலைக்கும். தங்கள் உடல்நலத்துக்கு துஆ செய்கிறேன். என் கண் ஓரளவு தெளிந்துவிட்டது.

டின்னுக்கு அடியில் கடிதம் வருவதும் போவதும் எனக்குத் தெரிந்துவிட்டது. நோயாளி சாப்பிடும் மாவில் காகிதம் கிடப்பது சுத்தமில்லை. இனி டின்னை நானே போய் எடுத்துக்கொள்வேன்.

என் வேதனை உங்கள் யாருக்கும் புரியாது. வயிற்றுக்குள் கயிற்றைப் போட்டு முறுக்குவது போல இருக்கும். படித்த டாக்டர் அதை மனசு என்கிறான். மனசு என்றால் நடிப்பு என்றுதானே அர்த்தம்? நடிக்கிறவன் பதினோரு கிலோ இளைப்பானா? கோதுமைதான் என் எதிரி என்பதற்கு உங்கள் மாவே சாட்சி. அதைச் சாப்பிட ஆரம்பித்ததிலிருந்து ஒரு நாள்கூட எனக்கு வலி வந்ததில்லை. அதற்காக நன்றி சொல்கிறேன். மாவை நிறுத்திவிடாதீர்கள்.

என் மனைவியின் அஜாக்கிரதையை நான் கண்டிப்பது என் குடும்ப விஷயம். மறுபடி உங்கள் செருப்பு என் கடை வாசலில் தெரிந்தால், அதற்குள் கால் இருக்காது.

பணிவுடன்
வாஜித்


கோட்டை, சேலம்
16.2.2025

என் கண்ணு நாஸியாவுக்கு,

ஸலாம். கை ஆறிவிட்டதா? விரல் மடங்குகிறதா? அஃபீபாவின் கிளாஸ் டீச்சர் அறிவுச்செல்வி நம்பரைத் தேடிப்பிடித்துப் பேசினேன். "நான் குடுத்தர்றேனுங்க்கா, பயப்படாதீங்க" என்றார். அவர் கையால் இது உனக்கு வரும். படித்துவிட்டு அவரிடமே கொடுத்துவிடு.

உட்கார்ந்துகொண்டு படி.

அத்தாயி கோயில் நோம்பிக்கு ஜலகண்டாபுரம் போயிருந்தாள். மெஷினில் நானே நின்று கம்பு அரைத்தேன். ராத்திரிக்கு அதில் ரொட்டி தட்டினேன். கல்லில் போடுவதற்குள் நாலாக உடைந்தது. இன்னொன்றும் உடைந்தது. உன் முதல் கடிதம் ஞாபகம் வந்தது. அத்தாயி திரும்பி வந்ததும் கேட்டேன், நீ அரைத்தால் மட்டும் ஏன் உடைவதில்லை என்று. அவள் என்னைக் குழந்தையைப் பார்ப்பது போலப் பார்த்தாள். "ஒட்டுக்கு ஒரு கை கோதுமை போடாம கம்பு அரைப்பாங்களாங்க? வெறுங்கம்பு ஒட்டாதுங்களே" என்றாள். டின்னுக்கு எத்தனை கை போடுவாய் என்றேன். "பெரிய டின்னுங்களே, அரைப்படி போடுவேனுங்க."

எல்லா டின்னிலும் போட்டிருக்கிறாள். தனியாக அரை என்றுதான் நான் சொன்னேன். எதற்கு என்று சொல்லவில்லை. ஊருக்கெல்லாம் எப்படி அரைப்பாளோ அப்படி அரைத்திருக்கிறாள்.

அவளைத் திட்டத்தான் வாயைத் திறந்தேன். அப்புறம் மூட்டைமேல் உட்கார்ந்துவிட்டேன். நாஸியா, உன் வீட்டுக்காரன் நாலு மாதமாக ஒவ்வொரு ராத்திரியும் கோதுமை தின்றிருக்கிறான். ஒரு நாள்கூட வலி வந்ததில்லை என்று அவன் கையெழுத்திலேயே எனக்கு எழுதியிருக்கிறான். உன் கையைக் கல்லில் வைத்த அன்றைக்கு அவன் வயிற்றில் வலி ஒன்றுமே இல்லை.

எனக்கு இப்போது பயமாக இருக்கிறது. இது தெரிந்தால் நீ விஷம் வைத்தாய் என்று உன்னைக் கொன்றுவிடுவான். இனி வெறும் கம்பையே அரைத்து அனுப்புகிறேன். நீ முடிவு சொல்லும்வரை யாரிடமும் மூச்சு விடாதே.

உன்னை நினைத்துத் தூங்காத
அக்கா


திருச்செங்கோடு
9.3.2025

அன்புள்ள அக்காவுக்கு,

ஸலாம். நோன்பு வைக்கிறாயா? மாத்திரை சாப்பிடுகிறவள் வைக்க வேண்டாம் என்று டாக்டர் சொன்னதை மறக்காதே. விரல் முக்கால்வாசி மடங்குகிறது.

உன் கடிதத்தை ஸ்கூல் கேட்டில் நின்றபடியே படித்தேன். உட்காரவில்லை. டீச்சர் தண்ணீர் கொடுத்தார். எத்தனை வருஷமாக, அவர் வலி என்று சொன்ன ஒவ்வொரு தடவையும், அவர் மோப்பதற்கு முன்னால் நானே என் கையை மோந்து பார்த்திருக்கிறேன். எங்கேயோ தவறிவிட்டேன், எதையோ தொட்டுவிட்டேன் என்று. தூக்கத்தில்கூடக் கை கழுவியிருக்கிறேன்.

வெறும் கம்பு மாவு வந்தது. விடியுமுன் சஹர் சாப்பாட்டுக்கு ரொட்டி தட்டினேன், உடைந்தது. தட்டில் துண்டு துண்டாக வைத்தேன். அவர் அதைப் பார்த்தார். ஒரு வாய்கூட வைக்கவில்லை. வயிற்றைப் பிடித்துக்கொண்டார். வேர்த்துவிட்டது. நடிப்பு இல்லை அக்கா, முகம் வெளிறிவிட்டது. "என்னத்தக் கலந்தே?" என்று உதைத்தார். அம்மிக்கல் ஓரம் வாயில் பட்டு ஒரு பல் போய்விட்டது. வீட்டுக்குள் கோதுமை ஒரு மணிகூட இல்லாத நாள் அது.

ரத்தத்தைத் துப்பும்போது எனக்குச் சிரிப்பு வந்தது. அவர் இன்னும் பயந்துபோனார்.

ஜமாஅத்துக்குக் குலா கேட்டு எழுதிக் கொடுத்துவிட்டேன். நானே கேட்கிறேன், எனக்குப் பிரிவு வேண்டும். ஆஸ்பத்திரி சீட்டோடு மகளிர் ஸ்டேஷனுக்கும் டீச்சரோடு போய்வந்தேன். எண்ணெய் இல்லை, தோசைக்கல் என்று சொன்னேன். பெருநாள் கழித்து ஜமாஅத்தில் கூப்பிடுவார்கள். அத்தாயி அக்காவை அனுப்பு. வாஜித் உனக்கு எழுதிய கடிதத்தையும் கொடுத்தனுப்பு.

நாஸியா


கோட்டை, சேலம்
23.3.2025

நாஸியாவுக்கு,

ஸலாம். அத்தாயி வருவாள். பள்ளிவாசல் பக்கம் போய்ப் பழக்கமில்லை, என்ன சேலை கட்டுவது என்று கேட்டுக்கொண்டிருக்கிறாள். ஸ்டேஷனில் எழுதிக் கொடுத்த காகிதம் ஒன்று என்னைக் கட்டிப் போட்டிருக்கிறது. இல்லையென்றால் முன்வரிசையில் உட்கார்ந்திருப்பேன்.

ஒன்று மட்டும் சொல்கிறேன். அங்கே எல்லோரும் அவன் வயிற்றைப் பற்றியே பேசுவார்கள். பேச்சை அங்கேயே நிற்க விடாதே.

பல் போன இடத்தில் உப்புத் தண்ணீர் வைத்துக் கொப்பளி.

அக்கா


திருச்செங்கோடு
13.4.2025

அன்புள்ள அக்காவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். பெருநாள் நன்றாகக் கழிந்ததா? இந்தக் கடிதத்தைப் பதுங்கி எழுதவில்லை. நானும் அஃபீபாவும் இப்போது தங்கியிருக்கும் டீச்சர் வீட்டு மாடியில், ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு எழுதுகிறேன். போனில் பேசலாம்தான். ஆனால் அழுதுவிடுவேன், நீ அதற்கு மேல் கத்துவாய்.

மதரஸா அறையில் வைத்துப் பேசினார்கள். பள்ளிவாசல் நிர்வாகி, முத்தவல்லி அப்துல் கரீம் ஹஜ்ரத் நல்லவர்தான். ஆனால் நீ சொன்னபடியே வயிற்றில்தான் ஆரம்பித்தார். "அவன் வயித்து நோவுக்காரன்மா. நோவு முத்துனா மனுசன் தன்னையே மறந்துருவான். நீ பாத்து ஆக்கிப் போட்டா எல்லாஞ் சரியாயிரும்" என்றார். வாஜித் தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருந்தார். பார்ப்பவர்களுக்குப் பாவமாகத்தான் இருந்திருக்கும். மாமி அழுதார்.

நான் அவர் உனக்கு எழுதிய கடிதத்தை நீட்டினேன். ஹஜ்ரத் உரக்கப் படித்தார். "உங்கள் மாவே சாட்சி, ஒரு நாள்கூட வலி வந்ததில்லை." இது நீ எழுதியதுதானே என்று கேட்டார். ஆமாம், சத்தியம் என்றார் இவர். பிறகுதான் அத்தாயி அக்காவைக் கூப்பிட்டேன். வாசலிலேயே நின்று, மாவை எப்படி அரைத்தார் என்று சொன்னார். ஒளிக்கத் தெரியாத மனுஷி, அரைப்படி என்று கையால் அளந்தே காட்டினார்.

அறையில் யாருக்கும் முதலில் புரியவில்லை. இவருக்குப் புரிந்துவிட்டது. எழுந்து நின்று, "எத்தன மாசமா?" என்று கேட்டார். அத்தாயி அக்கா, "நீங்க சாப்ட்ட அத்தன மாசமுந்தான் சாமி" என்றார்.

அவர் முகம் ரத்தமே இல்லாமல் வெளுத்துவிட்டது. வயிற்றை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு மடங்கினார். பாயிலேயே வாந்தி எடுத்தார். அன்றைக்குக் காலையிலிருந்து அவர் டீயைத் தவிர வேறு எதையும் தொடவில்லை என்று மாமியே அப்புறம் சொன்னார். நாலு பேர் ஓடிப்போய்த் தண்ணீர் கொண்டுவந்தார்கள், ஒருவர் விசிறினார். ஹஜ்ரத் என்னைப் பார்த்து, "பாத்தியாம்மா? இது நடிப்பா? நோவும்மா இது" என்றார்.

என் பழைய காலும் பழைய கையும் அவரிடம் ஓடத்தான் பார்த்தன. முதுகைத் தடவிவிட வேண்டும் என்று எழுந்தேவிட்டேன். எழுந்தவள் அப்படியே நின்றுகொண்டேன். அக்கா, நான் என்ன சொன்னேன் என்று வார்த்தை மாறாமல் உனக்கு எழுதுகிறேன்.

"நோவுதானுங்க. அவருக்கு வலிக்குது, நான் பொய்யிங்கல. அது கோதுமையா மனசாங்கறத டாக்டருங்க பாக்கட்டும். இத்தன வருசமா நாங்க அதையேதான் பேசிட்டிருந்தோமுங்க. ஆனா வயிறு எங்கையப் புடிச்சுக் கல்லுல வெக்கலீங்க. அவரு வெச்சாரு."

வலது கையை விரித்து ஹஜ்ரத் முன்னால் நீட்டினேன். அவர் ரொம்ப நேரம் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். பிறகு பக்கத்தில் இருந்தவரிடம் குலாவுக்கு எழுதச் சொன்னார். ஸ்டேஷன் கேஸ் தனியாக நடக்கும், அதை வாபஸ் வாங்கச் சொல்லி யாரும் வரக்கூடாது என்று மாமியைப் பார்த்துச் சொன்னார். வாஜித் சுவரோரமாகச் சாய்ந்து வயிற்றைப் பிடித்தபடி, அத்தாயி அக்காவின் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

சேலத்துக்கு வா என்பாய். அஃபீபாவுக்குப் பரீட்சை இருக்கிறது. அதோடு, இந்த ஊரில் நான் பயமில்லாமல் ஒரு தடவையாவது கடைவீதி நடக்க வேண்டும். அப்புறம் பார்க்கலாம்.

இங்கே வந்த முதல் சாயங்காலம் டீச்சர் அஃபீபாவுக்கு ஒரு பன் வாங்கிக் கொடுத்தார். தின்று முடித்து ஓடிப்போய்க் கை கழுவினாள். சோப்புப் போட்டு இரண்டு தடவை கழுவினாள். பிறகு என் முன்னால் வந்து நின்று, இரண்டு கையையும் என் மூக்குக்கு நேராக நீட்டிக்கொண்டு கண்ணை மூடிக்கொண்டாள். அக்கா, பல் உடைந்தபோது அழாத நான் அப்போது அழுதேன். என்னைப் பார்த்து அவளும் அழுதாள். இன்னொரு பன்னைப் பிய்த்து இரண்டு பேரும் தின்றோம். தூள் மடியெல்லாம் விழுந்தது, அப்படியே விட்டுவிட்டோம்.

முட்டியைப் பார்த்துக்கொள். அடுத்த பஸ்ஸில் ஒரு டின் மாவு அனுப்பு, நானே போய் எடுத்துக்கொள்கிறேன். வெறும் கம்பு வேண்டாம். அத்தாயி அக்கா எப்போதும் எப்படி அரைப்பாரோ அப்படியே அரைக்கச் சொல். அஃபீபா ரொட்டி தட்டக் கற்றுக்கொள்ள வேண்டும் என்கிறாள். அவளுக்கு உடையாமல் வரட்டும்.

ஸலாமுடன்
நாஸியா